கடற்படை யாருக்குக் காவல்?

மலையில் வாழும் உங்களுக்குக் கடலைப் பற்றி என்ன கவலை என்று நம்மைக் கேட்போர் உளர். ஹுன்னஸ்கிரியவில் நின்று பார்த்தால் நக்கிள்ஸ் மலைத்தொடர் தெரியும். தேயிலைச் சரிவுகள் தெரியும். மகியங்கனைக்கு இறங்கும் வளைவுப் பாதை தெரியும். கடல் தெரியாது. அலையோசை இங்கே கேளாது. எனினும், கேட்போரைத் திருப்பிக் கேட்கின்றோம்: இம்மலைகளில் கொழுந்து பறித்து இந்நாட்டின் கருவூலத்தை நிரப்பிய மக்களைக் "கள்ளத்தோணிகள்" என்று ஏசினார்களே, அவர்கள் எந்தத் தோணியை மனத்தில் வைத்து ஏசினார்கள்? அந்தத் தோணியைத் தேடுவதற்கென்று எந்தப் படையைக் கடலில் நிறுத்தினார்கள்?

இந்தக் கேள்விக்கு விடை தேடப் புகுந்தால், இலங்கைக் கடற்படையின் வரலாறும் மலைநாட்டுத் தமிழனின் வரலாறும் ஒரே ஏட்டின் இரு பக்கங்கள் என்பது விளங்கும். ஆகவே கடற்படையின் கடமை யாது, அதனை ஆளும் அதிகாரம் எவரிடம் இருத்தல் வேண்டும் என்பன திருகோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் மட்டும் உரிய வினாக்கள் அல்ல. கண்டிக்கும் உரியவை, பதுளைக்கும் நுவரெலியாவுக்கும் உரியவை.

1937ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ஒரு கட்டளைச் சட்டத்தின் கீழ், 1938இல் தொண்டர் கடற்படை என்ற பெயரில் இப்படை பிறந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியக் கடற்படையின் ஓர் அங்கமாயிற்று. சுதந்திரத்தின் பின்னர், 1950ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தினால், அவ்வாண்டு டிசம்பர் 9ஆந் தேதி அரச இலங்கைக் கடற்படையாக உருப்பெற்றது. 1972இல் குடியரசு மலர்ந்ததும் "அரச" என்ற அடைமொழி உதிர்ந்தது. இவ்வளவும் பாடநூலில் உள்ளவை. பாடநூல் கேளாத கேள்வி ஒன்று உண்டு. 1950இல் இந்நாட்டுக்கு எதிரி யார்?

பேரரசுகளின் படையெடுப்பை எதிர்க்கவா இப்படை? அன்று; அதற்குப் பிரித்தானியா இருந்தது. 1947 நவம்பரில் கைச்சாத்தான பாதுகாப்பு உடன்படிக்கையின்படி திருகோணமலைத் துறைமுகம் 1957 வரையும் பிரித்தானியரின் பிடியிலேயே இருந்தது. பெருங்கடலை வெள்ளைக்காரன் பார்த்துக்கொண்டான். சிறு படைக்கு எஞ்சியது பாக்கு நீரிணை. அந்த நீரிணையில் அது யாரைத் தேடிற்று? 1952இல் "மொன்டி நடவடிக்கை" என்ற பெயரில், தென்னிந்தியாவிலிருந்து களவாகக் குடிபுகுவோரைத் தடுக்க இராணுவம் வடகரையில் நிறுத்தப்பட்டது. கடற்படையும் பொலிசும் அதனோடு இணைந்து நின்றன. 1963இல் அதற்கெனத் தனி அதிரடிப் படையே அமைக்கப்பட்டது. 1981இல் கலைக்கப்படும் வரை அதன் வேலை அதுவேயாயிற்று.

ஒரு நாடு தன் எல்லையைக் காப்பது குற்றம் என்று நாம் வாதாட வரவில்லை. களவாக வந்தவர் எவருமிலர் என்றும் சொல்லவில்லை. கரையைக் காக்க அரசுக்கு உரிமை உண்டு. ஆனால் கரையில் தொடங்கிய வேட்டை கரையோடு நின்றதா? இல்லையே! தோணியில் வந்து இறங்கிய ஒருவனுக்கு இட்ட பெயர், நீரிணையைக் கடந்து, மன்னாரைக் கடந்து, மாத்தளையைக் கடந்து, மலை ஏறி, லயத்துக் காம்பராவுக்குள் புகுந்து, அங்கே மூன்று தலைமுறையாய்ப் பிறந்து வளர்ந்தவன் நெற்றியில் ஒட்டிக்கொண்டது. அவனுடைய பாட்டன் களவாகவா வந்தான்? துரைமார் ஆள் அனுப்பி, கங்காணி முன்பணம் கொடுத்து, மண்டபம் முகாமிலே பதிவு செய்து, அரசாங்கத்தின் முழுச் சம்மதத்தோடு பட்டப்பகலில் ஏற்றி வந்த மனிதன் அவன். கோப்பிக் காலத்தில் வந்தவர்களோ மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே கால்நடையாய் நடந்து வந்தவர்கள்; வழியிலே மாண்டவர்களுக்குக் கல்லறைகூட இல்லை.

இந்தப் பெயர் சூட்டலுக்குச் சட்டம் வலிமை கொடுத்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் 7 பேர் பாராளுமன்றம் சென்றனர். அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமை போயிற்று. வழக்காடிப் பார்த்தோம். கோடக்கன் பிள்ளை வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. சட்டத்தின் சொல் எவரையும் இனத்தின் பெயரால் சுட்டவில்லை. ஆகவே குறை இல்லை என்று 1953இல் தீர்ப்பாயிற்று. சட்டத்தின் சொல்லை மட்டும் பார்த்து அதன் வேலையைப் பாராது விடுவதில் உள்ள ஆபத்தை எடுத்துக்காட்ட இன்றும் அவ்வழக்கே போதும். பின்னர் 1964 அக்டோபர் 30ஆந் தேதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம்: 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே, மிகுதி 150,000 பேர் பிறகு பார்க்கலாம்! ஆடு மாடுகளைப் பங்கு வைப்போரும் ஒருமுறை அவற்றின் முகத்தைப் பார்ப்பார்கள். மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குச் சென்ற புகைவண்டிக்கு நம் மக்கள் இட்ட பெயர் "ஒப்பாரிக் கோச்சி". நாடற்றவர் என்ற நிலையை ஒழிக்கும் சட்டம் 2003இல்தான் முழுமையாய் வந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

இதிலே கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. 1960 முதல் 1970 வரை இக்கடற்படையின் தளபதியாய் இருந்தவர் இராஜன் கதிர்காமர் என்ற தமிழர். தலைமையில் ஒரு தமிழர் இருந்த காலத்திலேதான் நீரிணையின் வேட்டையும் ஒப்பந்தத்தின் பங்கீடும் நடந்தன. அவரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. நல்ல கடலோடி என்றே அவரை அறிந்தோர் சொல்வர். ஆனால் படைக்குத் தலைவன் யார் என்பதைவிட, படைக்கு இடப்பட்ட கட்டளை யாது என்பதே பெரிது. "நம்மவர் ஒருவர் மேலே இருக்கின்றார்" என்று மனம் குளிரும் நம் படித்த வர்க்கத்தார் இதனைச் சற்றே சிந்திப்பார்களாக.

நிற்க. கட்டளை என்ற சொல் வந்துவிட்டபடியால், கண்டியிலேயே நடந்த ஒரு வரலாற்றைச் சொல்லிவிடுகின்றோம். 1944ஆம் ஆண்டு ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். கடலைக் காணாத மலைநாட்டு மரநிழலிலிருந்து, பர்மா முதல் சுமாத்திரா வரை பரந்த போர்க்களம் நடத்தப்பட்டது. அப்போது கீழைக் கப்பற்படையின் தலைவராய் இருந்தவர் அட்மிரல் சொமர்வில். கப்பற்படை எனக்குக் கீழ்ப்பட்டது என்றார் மவுண்ட்பேட்டன். கரையிறங்கும் போர்களுக்கு மட்டுமே கீழ்ப்படுவேன், பெருங்கடலில் என் எசமான் இலண்டனிலுள்ள கடற்படைத் திணைக்களமே என்றார் சொமர்வில். ஜப்பானியன் வாசலில் நிற்கும்போது இவர்கள் எல்லைத் தகராறில் இறங்கினார்கள். அவ்வாண்டே சொமர்வில் மாற்றப்பட்டார். ஒரே கொடியின் கீழ், ஒரே எதிரியை எதிர்த்து நின்ற இரு பெருந்தளபதிகளுக்கிடையிலேயே யார் யாருக்குக் கீழ் என்ற வழக்கு எழுமாயின், சமாதான காலத்தில், சொந்தக் குடிமக்களிடையே, பொலிசின் வேலையும் படையின் வேலையும் கலந்து கிடக்கும்போது எவ்வளவு குழப்பம் விளையும் என்பதைச் சொல்ல வேண்டுமா?

இக்குழப்பத்தை நம் ஆட்சியாளர் உணராமல் இல்லை. ஆனால் உணர்ந்தது தங்களுக்கு ஆபத்து வந்தபோது மாத்திரமே. 1962 ஜனவரியில் ஆட்சியைக் கவிழ்க்க நடந்த சூழ்ச்சியில் முன்னாள் கடற்படைத் தளபதி றொய்ஸ் டி மெல் முக்கிய பங்காளி என்று குற்றஞ் சாட்டப்பட்டார். ஆட்சியாளர் என்ன செய்தார்கள்? அந்த ஒரு வழக்குக்கென்றே புதுச் சட்டம் இயற்றி, முன்தேதியிட்டு, தண்டனையையும் தாங்களே எழுதி வைத்தார்கள். பிரிவிக் கவுன்சில் 1965இல் அதனைக் கிழித்தெறிந்தது. நீதி வழங்கும் அதிகாரத்தைச் சட்டமன்றம் பறித்துக்கொள்ளல் ஆகாது என்ற அந்த லியனகே தீர்ப்பை இன்றும் உலகெங்கும் சட்ட மாணவர் படிக்கின்றனர். படையைச் சட்டத்தால் கட்டுவதற்கு அதுவே நல்ல தருணம். கட்டினார்களா? இல்லை. படையின் வளர்ச்சியைப் பல ஆண்டு முடக்கிப் போட்டார்கள். தங்களுக்கு வேண்டியவர்களைத் தேடிப் பதவியில் வைத்தார்கள். சட்டத்துக்கு அஞ்சும் படை அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. தங்களுக்கு அஞ்சும் படையே வேண்டியிருந்தது.

இனி இன்றைய சட்டத்துக்கு வருவோம். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 30ஆம் உறுப்புரையின்படி, ஜனாதிபதியே ஆயுதப்படைகளின் தளகர்த்தர். 4ஆம் உறுப்புரையோ, நாட்டின் பாதுகாப்பு உள்ளிட்ட மக்களின் ஆட்சித்துறை அதிகாரத்தை அவர் கையில் கொடுக்கின்றது. மாகாண சபைகளைக் கொண்டுவந்த 13ஆம் திருத்தம், பொது ஒழுங்கு மாகாணத்துக்கு என்று ஒரு கையால் கொடுத்து, தேசியப் பாதுகாப்பும் படைகளைப் பயன்படுத்தலும் மத்திக்கே என்று மறு கையால் எடுத்துக்கொண்டது. துறைமுகமும் மத்திக்கே. ஆகவே வடக்கு, கிழக்கு மாகாணங்களின் நீண்ட கடற்கரையில் நிற்கும் ஒரு கடற்படைச் சிப்பாயை, "தம்பி, எதற்காக இங்கே நிற்கின்றாய்?" என்று கேட்க அம்மாகாண மக்கள் தெரிவு செய்த எந்தச் சபைக்கும் அதிகாரம் இல்லை.

இவற்றைவிடக் கொடியது 1947ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. வழக்கறிஞர் அல்லாதார் இதனைப் பொறுமையுடன் படிக்க வேண்டுகின்றோம். ஏனெனில் இஃது உங்கள் வீட்டு வாசலுக்கு வரும் சட்டம். ஜனாதிபதி அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தால், அரசியலமைப்பின் 155ஆம் உறுப்புரையின்படி 14 நாட்களுக்குள் பாராளுமன்றம் அதனை அங்கீகரித்தல் வேண்டும், விவாதம் நடக்கும், வாக்கெடுப்பு நடக்கும். 12ஆம் பிரிவுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரு பகுதியில் பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்து நேர்ந்துள்ளது அல்லது நேரப்போகின்றது, பொலிசாரால் அதனைச் சமாளிக்க இயலாது என்று ஜனாதிபதி எண்ணினால் போதும். வர்த்தமானியில் ஒரு கட்டளை. முப்படையினரும் வீதிக்கு வரலாம். பொலிசாருக்குரிய சோதனை அதிகாரமும் கைது அதிகாரமும் அவர்களுக்குக் கிடைக்கும். ஒரு மாதம் செல்லுபடியாகும். மறு மாதம் புதுக் கட்டளை. பாராளுமன்றத்தில் சபாநாயகர் ஒரு செய்தியாக வாசிப்பார். உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள், அல்லது தேநீர் அருந்தச் சென்றிருப்பார்கள். அவ்வளவே.

2011இல் அவசரகாலச் சட்டம் நீங்கிற்று என்று உலகுக்குப் பறைசாற்றிய அரசாங்கம், அதே மூச்சில் இந்தப் பிரிவின் கீழ் மாதந்தோறும் கட்டளை பிறப்பித்தது. 2015 மார்ச்சில் அது புதுப்பிக்கப்படவில்லை. வானம் இடிந்து விழவில்லை. எந்தக் கப்பலும் எந்தத் துறையையும் முற்றுகையிடவும் இல்லை. 2019 நவம்பரில் புதிய ஜனாதிபதி பதவியேற்றதும் 25 மாவட்டங்களுக்கும் மீண்டும் கட்டளை வந்தது. 25 என்றால் கண்டியும் அடக்கம். கண்டிக்கு ஏது கடல் என்று கேட்டீர்களே, கடற்படைக்குக் கண்டியில் கைது அதிகாரம் கொடுத்த சட்டம் ஒன்று இருக்கின்றதே, அதனை என்ன சொல்வீர்கள்?

படையினர் வந்தால் மக்களுக்குக் காவல் கிடைக்குமே என்போருக்கு ஒரு சொல். 2018 மார்ச்சில் இதே கண்டி - மகியங்கனைப் பாதையில் தெல்தெனியவிலும் திகனவிலும் முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. ஊரடங்கு இருந்தது, சீருடைகள் இருந்தன, அவசரகாலப் பிரகடனமும் மார்ச் 6ஆந் தேதி வந்தது. எரிய வேண்டியவை அதற்குள் எரிந்து, மேலும் எரிந்தன. கட்டளை எங்கிருந்து வருகின்றது, யாருக்காக வருகின்றது என்பது தெளிவில்லாத இடத்தில் சீருடைகளின் எண்ணிக்கை எவரையும் காக்காது.

நன்மையை மறைப்பது நம் வழக்கமன்று. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இம்மலைகளைக் கிழித்துப் போட்டது. கண்டி மாவட்டம் மிகப் பெரும் உயிர்ச்சேதம் கண்ட மாவட்டங்களுள் ஒன்று. அந்நாட்களில் வெள்ளத்தில் சிக்கியோரை மீட்கப் படகோடு வந்த கடற்படை இளைஞர்களை இந்நாட்டு மக்கள் மறக்கமாட்டார்கள். முல்லைத்தீவுக் கரையை அடுத்த சாலைப் பகுதியில் களப்பின் முகத்துவாரத்தை அகலப்படுத்திக்கொண்டிருந்த 5 கடற்படையினர் நீரோடு போயினர். அவர்களும் ஏழைக் குடியானவன் பெற்ற பிள்ளைகளே. அவர்கள் முன் தலை வணங்குகின்றோம். ஆனால் இதனைக் கவனியுங்கள்: மண்வெட்டியோடு வந்த அந்தச் சிப்பாய்க்கு மக்களைக் கைது செய்யும் அதிகாரம் எதற்குத் தேவைப்பட்டது? வெள்ளத்திலிருந்து கிழவி ஒருத்தியைத் தூக்கிச் செல்ல எந்த வர்த்தமானி வேண்டும்? உதவி செய்யும் கையும் விலங்கு மாட்டும் கையும் ஒன்றாக இருக்க வேண்டிய தேவை யாது?

விலங்கு மாட்டும் கையின் கதைகள் பல. 2016 டிசம்பரில் அம்பாந்தோட்டைத் துறைமுகத் தொழிலாளர் நிரந்தர வேலை கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் தமிழரல்லர், தென்னிலங்கைச் சிங்கள இளைஞர். அவர்களைக் கலைக்கச் சென்றது பொலிசன்று, கடற்படை. அன்றைய தளபதி தாமே அங்கு நின்றார். செய்தியாளர் ஒருவரோடு அவர் கைகலந்த காட்சியை நாடே கண்டது. தொழில் தகராறு ஒன்றில் கூலி கேட்டவன் நாட்டின் எதிரியானான்! தோட்டத்தில் பிரட்டுக் களத்தில் நின்று சம்பள உயர்வு கேட்கும் நம் தொழிலாளிக்கு இதில் பாடம் இல்லையா?

நிலத்தின் கதை இன்னும் நீண்டது. உழவர்கள் இதனை ஊன்றிப் படிப்பார்களாக. மன்னார் மாவட்டத்து முள்ளிக்குளம் என்ற ஊருக்கு வயல் உண்டு, குளங்கள் உண்டு, கடல் உண்டு, தேவாலயம் உண்டு. 2007இல் மக்கள் வெளியேற்றப்பட்டனர். ஊர் கடற்படையின் தளமாயிற்று. போர் 2009இல் முடிந்தது, ஊர் திரும்பவில்லை. 2017இல் மக்கள் வாரக்கணக்கில் வீதியோரத்தில் குந்திப் போராடிய பின்னரே ஒரு பகுதியை விடுவிக்க இணங்கினார்கள். இரணைதீவு மக்கள் 1992இல் இடம்பெயர்ந்தவர்கள். மனுக் கொடுத்து, காத்திருந்து, களைத்து, 2018 ஏப்ரலில் எவருடைய அனுமதியையும் கேளாமல் வெள்ளைக் கொடி கட்டிய படகுகளில் ஏறித் தங்கள் தீவில் தாங்களே இறங்கினார்கள். சொந்த மண்ணில் கால் வைக்க வெள்ளைக் கொடி!

இது தமிழனுக்கு மட்டும் நேர்ந்தது என்று எண்ணிவிடாதீர்கள். அம்பாறை மாவட்டத்துப் பாணமையில் சேனை செய்து வாழ்ந்த சிங்கள உழவர் 2010இல் ஆயுதந் தாங்கியோரால் இரவில் விரட்டப்பட்டனர். அந்நிலங்களில் பின்னர் கடற்படை, விமானப்படை முகாம்கள் எழுந்தன; கடற்படை நடத்தும் உல்லாச விடுதியும் எழுந்தது. 340 ஏக்கரை மீளக் கொடுக்க 2015 பெப்ரவரியில் அமைச்சரவையே தீர்மானித்தது. அமைச்சரவையின் தீர்மானம் ஏட்டில் இருக்க, உழவன் அதன் பின்னரும் ஆண்டுக்கணக்காய் வீதியில் நின்றான். நாட்டின் பாதுகாப்புக்கும் உல்லாச விடுதிக்கும் என்ன உறவு? எந்தப் பகைவன் அந்த விடுதியில் அறை எடுத்துத் தங்கிப் படையெடுக்க வருகின்றான்? வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். இங்கே வேலி பயிரை மேய்ந்ததோடு வயலையும் தன் பெயருக்கு எழுதிக்கொண்டது.

எல்லாவற்றுக்கும் மேலாக 11 பேரின் வழக்கு. 2008, 2009 ஆண்டுகளில் கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் கடத்தப்பட்டோர். அவர்களுட் பெரும்பாலோர் தமிழ் இளைஞர். கப்பத்துக்காகக் கடத்தப்பட்டு, திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குள் தடுத்து வைக்கப்பட்டனர் என்பது குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்தில் வைத்த வழக்கு. தமிழ்க் கட்சிகள் கட்டிய கதை என்று இதனை எவரும் தள்ளிவிட முடியாது. அரசின் பொலிசே அரசின் படைக்கு எதிராக வைத்த வழக்கு இது. சந்தேக நபர் ஒருவர் தப்ப உதவினார் என்ற சந்தேகத்தில், அன்று முப்படைகளுக்கும் மேலான பாதுகாப்புப் பதவிநிலைப் பிரதானியாய் இருந்த அட்மிரலே 2018 நவம்பரில் விளக்கமறியலில் வைக்கப்பட்டுப் பின் பிணையில் சென்றார். முன்னாள் தளபதி ஒருவர் மீதான குற்றச்சாட்டுகளைத் தொடரப்போவதில்லை என்று 2021இல் சட்டமா அதிபர் அறிவித்தார். குற்றம் நிரூபிக்கப்படும் வரை எவரும் நிரபராதியே; அந்த விதியை நாம் மீறமாட்டோம். ஆனால் ஒரு வினாவை எழுப்பும் உரிமை நமக்கு உண்டு. ஒரு தளத்துக்குள், மதிலுக்குள், காவலுக்குள், மாதக்கணக்காய் மனிதர் அடைக்கப்பட்டிருந்தனர் என்றால், தளத்தின் கட்டளை அதிகாரி அதனை அறிந்திருந்தாரா? அறிந்திருந்தால் குற்றம். அறியவில்லையென்றால் அவர் எதற்குக் கட்டளை இட்டுக்கொண்டிருந்தார்? கீழ்நிலையினர் செய்ததற்கு மேல்நிலையினர் எந்த அளவு பொறுப்பு என்பதை நம் நாட்டுத் தண்டனைச் சட்டம் தெளிவாய் எழுதாமல் விட்டிருக்கின்றது. அந்த வெற்றிடத்திலேதான் 11 தாய்மார் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கினார்கள்.

பாக்கு நீரிணையைப் பற்றியும் சொல்லாமல் தீராது. தமிழகத்து இழுவைப் படகுகள் நம் வடகடலின் அடியை வாரிச் சுரண்டுவதை நாம் ஆதரிக்கவில்லை. யாழ்ப்பாணத்து, மன்னார் மீனவனின் வலையும் அறுகின்றது, வயிறும் காய்கின்றது. தமிழன் செய்தால் தவறும் சரியாகிவிடும் என்ற நியாயம் நம்மிடம் இல்லை. இழுவை மடித் தொழிலை 2017இல் சட்டம் தடை செய்தது, அச்சட்டத்தை நிறைவேற்றட்டும். ஆனால் மீன்பிடிச் சட்டத்தை நிறைவேற்றும் வேலை பீரங்கி பூட்டிய போர்க்கப்பலுக்கு உரியதா? 2024 ஜூனில் இந்தியப் படகொன்றைப் பிடிக்கும் முயற்சியில் இலங்கைக் கடற்படை வீரன் ஒருவன் மாண்டான். ஆகஸ்டில் கடற்படைக் கப்பலோடு மோதிய படகில் இராமேசுவரத்து மீனவன் ஒருவன் மாண்டான். இரு கரையிலும் அழுதது ஏழைத் தாய். மீன்பிடிக் குற்றத்துக்கு இந்நாட்டின் எந்தச் சட்டமும் மரண தண்டனை விதிக்கவில்லை.

வேறு நாடுகள் இதனை எப்படிச் செய்கின்றன? அமெரிக்காவைப் பாருங்கள். படை பலத்தில் அதற்கு நிகர் இல்லை. ஆயினும் இராணுவத்தை உள்நாட்டுச் சட்ட நிறைவேற்றத்துக்குப் பயன்படுத்தலாகாது என்று 1878இலேயே சட்டம் இயற்றினார்கள். 2021 டிசம்பரில் கடற்படையையும் வெளிப்படையாக அச்சட்டத்துள் சேர்த்தார்கள். கரையோரக் காவற்படை அங்கே சமாதான காலத்தில் பாதுகாப்பு அமைச்சின் கீழ் இல்லை; 2003 முதல் உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் உள்ளது; போர் வந்தால் மட்டும் கடற்படையின் கீழ்ச் செல்லும். போர்க்கப்பல் கடலில் ஒரு கடத்தல் படகைக் கண்டால், அக்கப்பலில் ஏறியுள்ள கரையோரக் காவலரே இறங்கிக் கைது செய்வர். கப்பல் கடற்படையினுடையது, கைது சட்டத்தினுடையது. அமெரிக்கா செய்வதெல்லாம் சரியென்று சொல்வோரல்லர் நாம். உலகக் கடல்களில் அதன் நடத்தை வேறு கதை. ஆனால் தன் வீட்டுக்குள் அது போட்டுக்கொண்ட இவ்வேலி நல்ல வேலி.

இந்தியாவில் 1978ஆம் ஆண்டுச் சட்டம் கரையோரக் காவற்படையைத் தனிப் படையாக்கிற்று. 2008 நவம்பரில் பத்துப் பேர் கடல் வழியே வந்து மும்பையைச் சுட்டெரித்த பின்னர், 2009இல் கடல்சார் பாதுகாப்பின் முழுப் பொறுப்பும் கடற்படைக்கு என்று வரையறுத்து, கரையோரக் காவற்படைக்கும் கரையோரப் பொலிசுக்கும் எவ்வெப் பங்கு என்று எழுதி வைத்தார்கள். அங்கும் குறைகள் உள. ஆயினும் யார் எதற்குப் பொறுப்பு என்ற கேள்விக்கு ஏட்டில் விடை இருக்கின்றது.

நம் நாட்டிலோ 2009ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தினால் கரையோரக் காவல் திணைக்களம் ஒன்று அமைக்கப்பட்டது. நல்ல காரியம் என்று மகிழ்வதற்கு முன் அதன் தலைமைப் பதவியைப் பார்த்தோம்: கடற்படையின் ரியர் அட்மிரல்கள் வந்து அமர்ந்து எழுந்து போகும் நாற்காலி. கடற்படையிலிருந்து ஆட்களை இரவல் வாங்கி, கடற்படையின் கண்ணால் பார்த்து, கடற்படையின் காதால் கேட்கும் திணைக்களத்துக்குத் தனிப் பெயர் எதற்கு? அதே ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பாதுகாப்புப் பதவிநிலைப் பிரதானி என்ற பதவியைச் சட்டமாக்கிற்று. அச்சட்டம் அவருக்குத் திட்டம் வகுக்கும் பணியையும் ஒருங்கிணைக்கும் பணியையும் கொடுத்தது. கட்டளையிடும் அதிகாரம் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பதை மட்டும் தெளிவாக்கவில்லை. பேராதனை மரநிழலில் 1944இல் எழுந்த வழக்கு, கொழும்பில் 2009இல் சட்டமாகவே எழுதப்பட்டது!

போதைப்பொருள் பெருகிவிட்டதே, கடத்தற்காரரைப் பிடிக்க ஒருமுகப்பட்ட படை வேண்டாமா என்று அரசாங்கத்தார் கேட்பர். வேண்டும். ஆழ்கடலில் நாட்கணக்காய்க் காத்திருந்து நஞ்சு ஏற்றிய படகுகளைப் பிடிக்கும் கடற்படையினரை நாமும் பாராட்டுகின்றோம். நம் தோட்டத்துப் பிள்ளைகளையும் அந்நஞ்சு விட்டுவைக்கவில்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரையறுக்கப்பட்ட 200 கடல் மைல் பொருளாதார வலயம் இருக்கின்றது. அந்தப் பரப்பைக் காக்க இருக்கின்ற கப்பல்கள் போதா. ஆகவேதான் கேட்கின்றோம்: அங்கே ஆள் போதாதபோது இங்கே விடுதியில் பரிமாறவும், முள்ளிக்குளத்து வயலைக் காவல் காக்கவும் எங்கிருந்து ஆள் வந்தது?

நாம் கேட்பவை பெரிய வரங்கள் அல்ல. 12ஆம் பிரிவின் கட்டளை எதுவாயினும் அவசரகாலப் பிரகடனத்தைப் போலவே 14 நாட்களுக்குள் வாக்கெடுப்புக்கு விடப்படல் வேண்டும். கட்டளையில் மாவட்டத்தின் பெயரோடு காரணமும் எழுதப்படல் வேண்டும். கரையோரக் காவல் திணைக்களத்துக்குக் குடிசார் அதிகாரி ஒருவர் தலைவராதல் வேண்டும்; கரையோரத் தமிழ், முஸ்லிம், சிங்கள இளைஞர்களை அவரவர் கரையிலேயே அதற்குச் சேர்த்தல் வேண்டும்; தமிழ்க் கரையில் நிற்பவனுக்குத் தமிழ் தெரிந்திருத்தல் வேண்டும். படை பிடித்த உழவர் நிலங்களுக்குக் கால எல்லை குறித்து அட்டவணை வெளியிடல் வேண்டும். மேலதிகாரியின் பொறுப்பு தண்டனைச் சட்டத்தில் எழுதப்படல் வேண்டும்.

கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களிலிருந்து நம் வாக்கினால் பாராளுமன்றம் சென்றுள்ள உறுப்பினர்களிடம் தனியே ஒன்று கேட்கின்றோம். 12ஆம் பிரிவின் கீழ் எப்போதேனும் மீண்டும் ஒரு கட்டளை வருமாயின், சபாநாயகர் அச்செய்தியை வாசிக்கும் வேளையில் தேநீருக்குச் செல்லாதீர்கள். எழுந்து நின்று, பொலிசாரால் சமாளிக்க இயலாத எந்த ஆபத்து இம்மாதம் கண்டி மாவட்டத்தில் நேர்ந்தது, கடலில்லாத அம்மாவட்டத்தில் கடற்படைக்கு என்ன வேலை என்று கேளுங்கள். விடை வந்தாலும் வராவிட்டாலும் வினா ஹன்சாட்டில் பதியட்டும்.